உப்புக்காற்றும் ஒரு மஞ்சள் கோடும்

வாத்தியார் தொழிலில் விஞ்ஞான வாத்தியாரின் பாடுதான் பெரும்பாடு. சரித்திரம் படிப்பிக்கிறவர் ஓர் அரசனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த அரசனைக் கூட்டிவந்து காட்டு என்று யாரும் கேட்பதில்லை. நான் சொன்னதையெல்லாம் செய்தும் காட்ட வேண்டியிருந்தது. வராத நிறத்துக்காகப் பிள்ளைகள் முன்னால் வியர்த்து நின்ற ஆசிரியர் யாராவது இதை வாசித்தால், என் நிலைமை அவருக்கு நன்றாக விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்புப் பட்டணத்தில், வாவிக்கரையோரம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். வகுப்பு புதிது. கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அது நிலைக்கும். இல்லையென்றால் டாக்டர் படிப்புக்குப் போக ஆசைப்பட்ட பையன்கள் வேறு ஊர் தேட வேண்டும், அல்லது ஆசையை விட வேண்டும்.

எதைச் சுட்டாலும் ஒரே கோடு

கொழும்பிலிருந்து ஒரு நிறமாலைகாட்டி வந்தது. பெயர்தான் பெரிது, ஒரு முனையில் மெல்லிய கீறல், நடுவில் முப்பட்டைக் கண்ணாடி, மறுமுனையில் கண்ணை வைக்கும் குழல், அவ்வளவுதான். ஒரு பொருளைச் சுவாலையில் பிடித்து இதற்குள்ளால் பார்த்தால் இருட்டில் நிறக்கோடுகள் தெரியும். ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. லித்தியத்துக்குச் சிவப்பு, கறியுப்பில் இருக்கும் சோடியத்துக்கு மஞ்சள். ஆளைப் பார்க்காமலே குரலை வைத்து இன்னார் என்று சொல்வது போலத்தான்.

புத்தகத்தில் அப்படி இருந்தது. எங்கள் ஊரில் எதைச் சுட்டாலும் மஞ்சள் கோடுதான் முன்னால் வந்து நின்றது. லித்தியத்தைச் சுட்டேன், மஞ்சள். செம்பைச் சுட்டேன், அதிலும் மஞ்சள். ஒன்றுமில்லாத வெறும் கம்பியைச் சுட்டாலும் மஞ்சள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் உப்பு, கம்பியைத் துடைத்த துணியில் உப்பு, துடைத்த என் விரலில் உப்பு. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கதவை அடைத்து, பையன்களை மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று அதட்டினேன். அடுத்த அறையில் கணக்குப் படிப்பித்த பறங்கி வாத்தியார் டொமினிக் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நீங்க கம்பியைக் கழுவிப் பிரயோசனம் இல்ல. ஊரையல்லவா கழுவணும்."

ஏறாவூரிலிருந்து ஒரு கேள்வி

வகுப்பில் கெட்டிக்காரன் இஸ்மாயில். அவனுடைய வாப்பா மீராலெவ்வை ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருந்தார். மகன் குழலுக்குள் என்ன பார்க்கிறான் என்று அறிய ஒருநாள் நேரே வந்துவிட்டார். வகுப்பு இங்கே இருந்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் கடைக்கு வரட்டும், வெளியூருக்கு மட்டும் அனுப்பமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவருக்கு உற்சாகமாக விளக்கினேன். அணுவின் நடுவில் ஒரு கரு இருக்கிறது. அதைச் சுற்றி இலத்திரன்கள் என்ற நுண்துகள்கள். அவை நினைத்த இடத்தில் இருக்க முடியாது, படிக்கட்டு மாதிரி குறித்த படிகளில்தான் இருக்கலாம். சூடேறினால் மேல்படிக்குப் போகும். திரும்ப இறங்கும்போது எவ்வளவு இறங்கியதோ அந்த அளவுக்கு ஒரு நிறத்தில் ஒளி விடும். படிகள் குறித்தபடி இருப்பதால் நிறங்களும் குறித்தபடியே வரும். ஆகவே கோடுகளை அளந்தால், யாரும் கண்ணால் காணாத அணுவுக்குள் படிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ரெண்டு படிக்கு நடுவில அது ஏன் நிக்காது?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தில் இருந்த நீளமான இங்கிலீசு வசனங்களை அப்படியே ஒப்புவித்தேன். அவர் பொறுமையாக முடியும்வரை இருந்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீங்க இங்கிலீசுக்கு மாறக்குள்ளயே விளங்கிற்று மாஸ்டர், உங்களுக்கும் அது தெரியாண்டு."

பெரிய வாத்தியார் கண்ட காட்சி

ஐதரசன் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று வரிசையாகக் கோடுகள் தெரியும். ஆக எளிய அணு அது. அதன் கோடுகளை வைத்துத்தான் படிகளின் கணக்கே பிடிபட்டது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன், பள்ளிக்கூடத்துக்குத் தலைவரான பெரிய வாத்தியாருக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்று துடித்தேன். நடுப்பகலில் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கி, மின்னழுத்தத்தை ஏற்றும் தூண்டற்சுருளோடு பற்றரிகளை இணைத்தேன். குழாய் இளஞ்சிவப்பாக எரிந்தது. பெரிய வாத்தியார் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார். "ஓம், ஓம், மிச்சம் வடிவா இரிக்கு" என்றார். நான் பூரித்துப்போனேன்.

பிறகுதான் டொமினிக் காட்டினார், கீறலின் மூடியை நான் கழற்றவே இல்லை. உள்ளே கும்மிருட்டு. வெட்கத்தில் கூனிக்குறுகி, பெரிய வாத்தியாரின் அறைக்கு ஓடி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "எனக்கு ஒண்டும் தெரியல்லதான். நீங்க இவ்வளவு பாடுபட்டுப்போட்டு நிக்கக்குள்ள அதை எப்படித் தம்பி சொல்லுற?"

இன்ஸ்பெக்டரின் பொட்டலம்

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, இந்த வெள்ளைத்தூள் என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார். கம்பியில் எடுத்துச் சுட்டேன். குழலுக்குள் மஞ்சள் கோடு பளிச்சென்று எரிந்தது. அதைக் கண்டு நான் ஏமாறுவேனா? அந்த மஞ்சளோடு மல்லுக்கட்டியே களைத்தவன் நான். அதை ஒதுக்கிவிட்டு வேறு கோடு தேடினேன். ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தெரிய வேண்டுமென்று நான் அவ்வளவு விரும்பினேன். "லித்தியம் சேர். மஞ்சள் எங்கட ஊர்க் காற்று" என்றேன் மிடுக்காக. இன்ஸ்பெக்டர் பையன்களையும் ஒவ்வொருவராகப் பார்க்க வைத்துக் கேட்டார். எல்லோரும் லித்தியம் என்றார்கள். இஸ்மாயில்கூட என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு லித்தியம் என்றான். "காலமை றெஸ்ட் ஹவுசிலை முட்டைக்குத் தந்த உப்பு இது" என்றார் இன்ஸ்பெக்டர். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே இறங்கியிருப்பேன். வகுப்பும் போயிற்று, இஸ்மாயிலும் புடவைக்கடைக்குப் போனான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் விறாந்தையில் நிற்கச் சொன்னார். தண்டனை பெற்ற மாணவன் மாதிரி நின்றேன். வழியில் போன சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன. "உண்மையிலை நீ என்ன கண்டனி?" "உப்பு சேர்." "பிறகேன் லித்தியம் எண்டனி?" இஸ்மாயில் சொன்னான்: "எங்கட சேர் சொல்லிட்டாரே. அவரை வச்சிட்டு நாங்க எப்படி வேற சொல்லுற?" அந்த ஒரு வார்த்தையில் என் நெஞ்சு வெந்தது. என் மானத்தைக் காப்பாற்ற அவர்கள் தங்கள் படிப்பையே பந்தயம் வைத்திருந்தார்கள், நான் அதற்குத் தகுதியில்லாதவன். பிறகு ஐதரசன் குழாய் எரிந்தது. எந்தக் கோடு எந்தப் படியிலிருந்து இறங்குகிறது என்று பையன்கள் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு பிழையில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வகுப்பு நடக்கட்டும், நான் எழுதிவிடுறன். நீங்கள் வெளியிலை நிக்கேக்கை பெடியள் நல்லாச் சொல்லுறாங்கள்."

நிறக்கோட்டைப் பார்த்து அணுவுக்குள் இருப்பதைச் சொல்லலாம் என்று படிப்பித்த எனக்கு, என் சொந்த வகுப்புக்குள் இருப்பதை அறிய விறாந்தையில் நிற்கவேண்டி வந்தது.