பேர் போட்ட சர்வர்

காட்பாடியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்ட ஞானசீலன் பரம சாது. எதிரிகளை மன்னிக்கும்படி பாதிரியார் சொல்லும்போதெல்லாம், செல்வகுமாரை மட்டும் கழித்துக்கொண்டு மீதி உலகத்தை மன்னித்துவிடுவார்.

செல்வகுமார் தேர்வுப் பிரிவுத் தலைவர். 2006-ல் கம்ப்யூட்டரில் நடந்த நுழைவுத் தேர்வு பாதியில் படுத்துவிட்டது. முந்நூறு பேரை ஒரே சர்வர் தாங்காது என்று ஞானசீலன் மூன்று முறை சொல்லியிருந்தார், வாயால். வாயால் சொன்னது செல்லாது என்று அன்றுதான் தெரிந்தது. 'என் கவனக்குறைவே காரணம்' என்று அவரிடம் எழுதி வாங்கி, செல்வகுமார் அதை ஆசிரியர் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஞானசீலனுக்கு அன்று ஒரு லட்சியம் பிறந்தது: அதே வாக்கியம், அந்த வாயிலிருந்து, பத்துப் பேர் முன்னால்.

அடுத்த வருஷம், தேர்வெழுத வருகிறவர்களை மூன்று சர்வர்களுக்குப் பங்கு பிரித்து அனுப்பும் லோடு பேலன்சிங் ஏற்பாட்டைச் செய்தார். இரண்டு சர்வர்கள் பழசு. மூன்றாவது, ஆம்பூர் தோல் கம்பெனி முதலாளி அப்துல் சமத் வாங்கிக் கொடுத்தது. கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவதுபோல் அதன் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் அவர் பெயர்.

ஒத்திகைத் தேர்வைப் பார்க்க சமத்தே வருகிறார் என்றதும் செல்வகுமார் பதறினார்.

"இன்னாயா, அவர் குடுத்த மெஷினுக்கு மூணுல ஒரு பங்குதானா? கெழட்டு மெஷினுங்களோட சரிசமமா உக்கார வெச்சா அவர் மனசு நோவாதா? எல்லாத்தையும் அதுலயே விடு."

"தாங்காது சார்."

"புது மெஷின்யா."

"எழுதிக் குடுத்துடுங்க சார், செஞ்சுடறேன்."

அந்தப் பணிவைப் பார்த்தாவது செல்வகுமார் உஷாராகியிருக்கலாம். கையெழுத்துப் போட்டார்.

ஒத்திகையில் உட்கார்ந்தது கல்லூரிப் பிள்ளைகள்தான். யாருடைய எதிர்காலமும் கெடாது. பழிவாங்குவதிலும் ஞானசீலன் ஒழுங்கானவர்.

பத்து மணிக்குத் தேர்வு. பத்து ஏழுக்கு முந்நூறு திரைகளும் உறைந்தன. பழைய சர்வர்கள் இரண்டும் வேலையில்லாமல் முனகிக்கொண்டிருந்தன.

"என் மெஷின் மட்டமா தம்பி?" என்றார் சமத். முதல்வரும் ஆசிரியர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"தங்கமானது பாய். மூணு பேர் தூக்கறதை ஒண்டியா தூக்கச் சொல்ட்டாங்க." ஞானசீலன் தாளை நீட்டினார்.

சமத் படித்துவிட்டுச் செல்வகுமாரைப் பார்த்தார்.

"பேஜாரா போச்சு. பிரிச்சு உட்ருய்யா," என்று கிசுகிசுத்த செல்வகுமார், உடனே திருத்திக்கொண்டார்: "உட்ருங்க சார்."

"ஒரு நிமிஷ வேலைதான். ஆனா உங்க எழுத்தை மீறி நான் எப்படி சார்? மாத்தி எழுதிடுங்க. காரணம், 'என் கவனக்குறைவே'ன்னு போட்டா போதும். அப்படியே பாய்க்குப் படிச்சும் காட்டிடுங்க."

செல்வகுமார் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. ஞானசீலன் பையில் மூன்று இருந்தன, அவர் அசையவில்லை. கடைசியில் சமத்தான் தன் பேனாவைக் கொடுத்தார்.

வாசிக்கும்போது, அந்த வாக்கியம் வந்த இடத்தில் செல்வகுமாரின் குரல் இறங்கியது.

"பின்வரிசைக்குக் கேக்கலை சார்," என்றார் ஞானசீலன், கீபோர்டில் விரலை வைத்தபடி.