கரி தின்ற பரமீசியம்

அரிசி கழுவின தண்ணீரில் வளர்ந்தவை என் பரமீசியங்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். முதலில் தேயிலைக் கொழுந்தை ஊறவைத்துப் பார்த்தேன். சாயம் இறங்கி அத்தனையும் செத்துப்போயின. பிறகுதான் கழுநீர். "மாட்டுக்கு ஊத்துற தண்ணில இவன் பூச்சி வளக்குறான்" என்று அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

போத்தலை ஹட்டனுக்கு, பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நுணுக்குக்காட்டிக்குக் கொண்டுபோனேன். விளக்குக் கரி கொஞ்சம் கலந்துவிட்டேன். ஒற்றைக் கலம், ஒரே ஒரு உயிரணுதான் அந்த உயிர். அதன் வாயோரம் கரி சேர, மென்சவ்வுப் பை ஒன்று அதைச் சுற்றிக்கொண்டது. கறுப்பு மணியாக உள்ளே மிதந்து, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் கரியைத் துப்பிவிட்டுப் பை மறைந்தது.

பைக்குச் சவ்வு எங்கிருந்து வந்தது? வாயோரத்தில் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் வாய் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை. அப்படியானால் வெறும் பையின் சவ்வு உள்வழியாகவே வாய்க்குத் திரும்புகிறது. புத்தகப் படத்தில் தனித்தனியாக நிற்கும் கலத்தின் உறுப்புகளெல்லாம் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகின்றன!

விஞ்ஞான ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். "கேள்வி நல்ல கேள்வி, தம்பி. ஆனா உந்தச் சவ்வு திரும்புறதைப் பாக்கிற கருவி இஞ்சை இல்லை. யூனிவர்சிற்றிக்குப் போ, பாப்பம்."

அதற்கு இன்னும் ஒரு வருடமாவது படிக்க வேண்டும்.

அந்த வாரமே அப்பா வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றார். "தோட்டத்து மேலாளு கண்டாக்கையா சொல்லிப்புட்டாரு. வளந்த பய தோட்ட வேலைக்குப் பேர் பதியாம லயத்துல இருக்கப்படாதாம். பதியலேன்னா நாம இருக்குற காம்பராவை விட்டுறணுமாம்."

"ஒரு வருசந்தான்ப்பா."

"அந்த ஒரு வருசம் நாங்க எங்கடா இருக்குறது? ரோட்டுலயா?"

திங்கட்கிழமை பேர் பதிகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசியாக நுணுக்குக்காட்டிமுன் உட்கார்ந்தேன். ஒரு கறுப்பு மணி பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. கரியைத் துப்பியது. வெறும் பை சுருங்கத் தொடங்கியது. அந்நேரம் பனிமூட்டம் ஜன்னலை அடைத்தது. அடிக்கண்ணாடியில் விழ வெளிச்சம் இல்லை. கண்ணை எடுக்காமல் சாம்பல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விடும்வரை மூட்டம் விலகவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், என் பேரைப் பதிந்தார்கள். "தொரை வந்துட்டாருப்பா, கத்தியக் குடுங்க" என்றார் கங்காணி. வரிசையே சிரித்தது, அப்பாவைத் தவிர. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ பெரிய கருவியில் அந்தச் சவ்வு திரும்பும் வழியைப் பார்த்துவிடுவார்கள். அது நானில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.