பன்னிரண்டு செயலிகள், ஒரே சாவி

அவளுக்குப் ‘பூட்டக்கா’ என்று பேர் வைத்தது கூடப் பிறந்த தம்பிதான். அவள் கைப்பையைத் திறந்தால் உள்ளே இன்னொரு பை, அதற்குள் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய ஒரு பென்டிரைவ். அதற்கு ஒரு நகல் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில். இன்னொரு நகல் வங்கி லாக்கரில். “நகைய வீட்ல போட்டுட்டு இத லாக்கர்ல வச்சிருக்கா, இவள என்ன பண்றது” என்று கணவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பென்டிரைவில் இருந்தது ஒரு சின்னக் கோப்பு. தொழிலில் அதைச் சாவி என்பார்கள். ஃபோனுக்கான ஒரு செயலியைச் செய்து முடித்தால், அந்தச் சாவியால் முத்திரை போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஃபோன் அந்த முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு அதே செயலியைத் திருத்தி அனுப்பினால், பழைய முத்திரைதானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். வேறு முத்திரை என்றால் வாசலோடு சரி. சாவி தொலைந்துபோனால் பழைய செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்; அதில் சேர்த்து வைத்ததெல்லாம் அதோடு போச்சு. இந்தத் தொழிலில் சாவியைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று முழித்தவர்கள் ஏராளம். பூட்டக்கா ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் தொலைத்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

ஆனால் டப்பாவில் இருந்தது ஒரே ஒரு சாவி. வாடிக்கையாளர்களோ பன்னிரண்டு பேர். பல் மருத்துவர், வாடகை வண்டி நடத்துகிறவர், ஒரு நூலகம், நீச்சல் குளம் என்று பலதரப்பட்ட ஆட்கள். ஆளுக்கொரு சாவி செய்வதுதான் முறை, அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவள் எல்லோருக்கும் ஒன்றையே போட்டிருந்தாள். சோம்பல் என்று நினைத்தால் தப்பு. சோம்பலாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம்.

அவள் முன்பு ஒரு பெரிய அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். ராப்பகலாக உட்கார்ந்து அவள் எழுதியதெல்லாம் மேலாளர் பேரில் வெளியே போனது. அவள் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதிலும் ஓர் எழுத்துப் பிழை. போதுமடா சாமி என்று வேலையை விட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தாள். முதல் செயலிக்குச் சாவி செய்யும்போது திரை கேட்டது: உரிமையாளர் பெயர்?

வாடிக்கையாளர் பேரைப் போட்டிருக்க வேண்டும். அவள் தன் பேரை, இனிஷியலோடு, முழுசாக அடித்தாள். அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் செயலியைப் பிரித்து உள்ளே துழாவ வேண்டும். ஆனாலும் அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது வாடிக்கையாளர் வந்தபோது மறுபடியும் திரை கேட்டது. அவள் திரையை மூடிவிட்டுப் பழைய சாவியையே எடுத்தாள். அப்படியே பன்னிரண்டு. பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் அவள் செய்த செயலியைத் திறந்தால், ‘உள்ளே நான்தான் இருக்கேன்’ என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள்.

வினை காது டாக்டரம்மா வழியாக வந்தது. காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையம் நடத்துகிறவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அவரிடம் கருவி வாங்கியிருந்தார்கள். யாருக்கு எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கணக்கு அவரவர் ஃபோனில், பூட்டக்கா செய்த செயலிக்குள் இருந்தது; அது போனால் கருவியும் அடங்கிவிடும். நோயாளிகள் விவரம் ஃபோனை விட்டு வெளியே போகவே கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு, அதனால் வேறெங்கும் அதற்கு நகல் இல்லை.

“உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா” என்றார் தொலைபேசியில். “ஆறு கிளைக்கும் சேத்து ஒரே கம்பெனி பாக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். அவங்க ஏதோ சாவி கேக்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க.”

“சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டாள். ஃபோனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. கேட்டது நியாயம்தான், செயலி அவர்களுடையது. ஆனால் அந்தச் சாவியைக் கொடுத்தால் மற்றப் பதினோரு பேருடைய முத்திரையும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடும். பல் மருத்துவர் அனுப்பியது போலவே எதையாவது அனுப்பினால் ஃபோன் சந்தேகமே படாது.

நான்கு வருடமாக அவளோடு வேலை செய்யும் தம்பிக்கே விஷயம் அன்றுதான் தெரிந்தது. டப்பாவை அவள் யாரையும் தொட விட்டதில்லை. அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“பேசாம குடுத்துடுக்கா. அது பொதுச் சாவின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உள்ள என் பேரு இருக்குடா. தொறந்து பாத்தாலே தெரிஞ்சிடும்.”

“அப்ப தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு. இந்த ஃபீல்டுல யாருதான் தொலைக்கல?”

“நானா? நானா தொலைச்சேன்?” அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. கத்திய பிறகுதான், இந்த நிலைமையிலும் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தொலைந்தது என்று சொன்னால் அவள் மானம் பாதி தப்பும். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் செயலியை அழித்துவிட்டு, கணக்கெல்லாம் போய், மறுபடி நிலையத்துக்கு வந்து வரிசையில் உட்கார வேண்டும். அதுவரை காது கேட்காது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“உண்மையச் சொல்லிட்டா எத்தன பேரு இருப்பாங்கன்னு நினைக்கற?” என்றான் தம்பி.

“தெரியலடா. பயமாத்தான் இருக்கு.”

உண்மையைச் சொன்னால் ஒரு வழி இருந்தது. பழைய சாவியை வைத்தே, ‘இனிமேல் இவர்தான்’ என்று ஒரு புதிய சாவிக்குச் சாட்சி சொல்ல வைக்கலாம். புது ஃபோன்கள் அதை ஏற்றுக்கொள்ளும். பழைய ஃபோன்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித்தான் மாற்ற வேண்டும். டாக்டரம்மாவின் ஆட்களில் அப்படிப்பட்டவர்கள் அறுபத்து மூன்று பேர்.

மறுநாள் நிலையத்துக்கு நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஏம்மா அப்படிப் பண்ணீங்க?”

அதற்குத் தொழில் பாஷையில் ஒரு பதிலை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது வாயில் வரவில்லை. “எம் பேரு எங்கயாவது இருக்கணும்னு ஆசப்பட்டுட்டேன் டாக்டர்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

“மொதல்ல உங்ககிட்டதான் வந்தேன்.”

“எல்லாருக்கும் சொல்லுங்க. அப்புறம், அந்த அறுபத்து மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு நாள் காது கேக்காமப் போகக் கூடாது. அது உங்க பொறுப்பு.”

பதினோரு பேருக்கும் சொன்னாள். வாடகை வண்டிக்காரர் காது கூசும்படி திட்டிவிட்டு, கடைசியில் விலகாமல் இருந்துவிட்டார். திட்டாத இரண்டு பேர் விலகிப் போனார்கள். நூலகத்துக்காரர், “அதனால புத்தகம் எதுவும் காணாமப் போகுமா?” என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு புதிய சாவிகள் செய்தாள். உரிமையாளர் பெயர் என்று கேட்ட இடத்தில் பன்னிரண்டு முறையும் அவரவர் பேரை அடித்தாள். ஒவ்வொரு முறையும் லேசாக வலித்தது, பொய் சொல்வானேன்.

இரண்டு சனிக்கிழமைகள் நிலையத்தின் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். ஃபோனை வாங்குவது, திரையில் இருக்கும் அவரவர் காதுக் கணக்கின் எட்டு எண்களைத் தாளில் எழுதுவது, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பது, பழையதை அழிப்பது, புதியதைப் போடுவது, எண்களைத் திரும்ப அடிப்பது, தாளை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவது. அறுபத்து இரண்டு பேர் முடிந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை.

மாதக் கடைசிக்கு ஒரு நாள் இருக்கும்போது அவர் வீட்டைத் தேடிப் போனாள். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்று காதைப் பறிகொடுத்தவர். “மாமாவுக்கு முட்டி வலி, எங்கயும் வர மாட்டாரு” என்று சொல்லி மருமகள் உள்ளே கூட்டிப் போனாள். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விரிசல் விட்ட ஃபோனுக்கு டேப் ஒட்டியிருந்தது.

“நல்லாத்தானேம்மா கேக்குது. அதப் போயி ஏன் நோண்டற?”

“அஞ்சே நிமிஷங்கய்யா. என் தப்புதான், நான்தான் சரி பண்ணணும்.”

எட்டு எண்களை எழுதினாள். சரிபார்த்தாள். அழித்தாள். கருவி அடங்கிவிட்டது. பெரியவரின் முகம் சட்டென்று தனியாகிப் போனது. சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

“உம் பேரு என்னம்மா?” என்றார், காது கேட்காதவர்களின் உரத்த குரலில்.

சொன்னாள். அவர் உதட்டைப் பார்த்தார், பிடிபடவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவர் கையை ஆட்டிச் சிரித்தார். “விடு, காது வரட்டும்.”

இந்த ஒன்று சொதப்பினால் அறுபத்து இரண்டும் சரியாக வந்தது எதற்கும் ஆகாது. புதிய செயலி உள்ளே இறங்கியது, டாக்டரம்மாவின் நிலையத்துப் பேரில். எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. சமையலறையில் ஒரு மூடி கீழே விழுந்ததும் பெரியவர் தலையைத் திருப்பினார்.

“ம், இப்பச் சொல்லு.”

சாதாரணக் குரலில் சொன்னாள். அவர் அதை அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஆறு வருடமாக அந்த ஃபோனுக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்த பேர். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவளே தன் கையால் அழித்த பேர்.

“அந்தத் தாள்ல உம் பேரயும் நம்பரையும் எழுதிட்டுப் போம்மா” என்றார் பெரியவர். “நாளைக்கு இது மக்கர் பண்ணினா நான் யாரக் கூப்புடறது?”

நாளையிலிருந்து அது அவள் வேலை இல்லை. எட்டு எண்களுக்குக் கீழே புதிய கம்பெனியின் எண்ணை எழுதினாள். பிறகு அதற்கும் கீழே தன் பேரை, இனிஷியலோடு, பெரியவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதி, தன் எண்ணையும் போட்டு, தாளை அவர் கையிலேயே கொடுத்தாள்.