கை சுத்தம்

பதிமூன்று வருடங்களுக்கு முன்பு, சோமனூரில் நான் தறிக்குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த நாட்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் அத்தனை தறியும் ஒன்றாக நின்றுவிடும். திடீரென்று வந்த அமைதியில் கொஞ்ச நேரம் காதில் மட்டும் ஙொய் என்று கேட்டுக்கொண்டிருக்கும். அடுத்த நிமிடம் நாங்கள் எதிர்க் கட்டிடத்து மாடிக்கு ஓடிவிடுவோம். அங்கே ஒரு பூல் கடை இருந்தது. மேஜை இரண்டே இரண்டு. பூல் ஆட கரண்ட் எதற்கு? ஜன்னல்களைத் திறந்தால் போதும்.

என் மகனும் மகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் பூல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பச்சைத் துணி ஒட்டிய பெரிய மேஜை. நீளமான கோலால் வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது போய் மற்றப் பந்துகளை ஓரத்தில் இருக்கும் குழிகளில் தள்ள வேண்டும். கேரம் போர்டுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு தறி ஓட்டிய ஒரு நண்பன் போனில் வீடியோ பார்த்து வித்தை அடிகளாகக் கண்டுபிடித்து வருவான். நான் அடித்துப் பார்ப்பேன். ஒரு பந்தை இன்னொரு பந்துக்கு மேலே குதிக்க வைக்கிறேன் என்று துணியைக் கிழித்துவிட்டேன். "ஏந்தம்பி, தறியில கிழிச்சது பத்தாதுன்னு இங்கயும் வந்து கிழிக்கறீங்களா?" என்று கடைக்காரர் கத்தினார். அதோடு குதிக்கும் வித்தை நின்றது.

ஆனால் ஒரு அடி எனக்குக் கைவந்துவிட்டது. இரண்டு பந்துகளை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். அவை நேராகத் தூரத்து மூலைக் குழியைப் பார்த்து இருக்கும். முதல் பந்தைப் பக்கவாட்டில் அடித்தால் இரண்டாவது பந்து நேராகப் போய்க் குழியில் விழும். பார்க்கிறவர்களுக்கு, "இதென்ன பெரிய விஷயம்" என்று தோன்றும். அடித்தால் விழாது. பக்கவாட்டில் அடிக்கும்போது பந்தும் பந்தும் உரசி, இரண்டாவது பந்தைக் கொஞ்சமாக இழுத்துவிடும். குழியிடம் போவதற்குள் நாலு விரற்கடை விலகிவிடும். நான் அடித்தால் மட்டும் விழும்.

ரகசியம் என்னவென்றால் எச்சில். என் முறைக்குப் பந்துகளை வைக்கும்போது ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, இரண்டு பந்தும் ஒட்டுகிற இடத்தில் லேசாகத் தடவிவிடுவேன். ஈரம் இருந்தால் உரசல் இல்லை, வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். தறிக்காரன் நூல் முனையை நாக்கில் தொடுவது சகஜம்தானே, யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கும் என் நண்பனுக்கும் மட்டும்தான் தெரியும்.

பந்தயம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டியில் காளான் போடுவார்கள். காளானையும் முட்டைக்கோஸையும் பொரித்து, மசாலாவில் புரட்டி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். தோற்றவர் ஒரு பிளேட் வாங்கித் தர வேண்டும். இரண்டு வருடம் நானும் என் நண்பனும் சொந்தமாகக் காளான் வாங்கியதே இல்லை.

அந்தச் சமயம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது படித்தவன், கூலிக்குத் தறி ஓட்டுகிறவன் என்று இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. மூன்றாவதாக என் அத்தை கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பெண் காலேஜ் படித்தவள். போட்டோ பார்த்தேன். அதன் பிறகு அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அதற்கு முந்தின புதன்கிழமை, கரண்ட் போன நேரத்தில், கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் பூல் கடைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, நானும் ஒரு கை ஆடலாமுங்களா?"

என் நண்பன் எனக்குக் கண்ணைக் காட்டினான். நான் இரண்டு பந்துகளையும் ஒட்டி வைத்தேன். "இதை உள்ள தள்ளிப்போடுங்ணா பாக்கலாம். தோத்தா ஒரு பிளேட் காளான்."

அவர் அடித்தார், விழவில்லை. நான் அடித்தேன், விழுந்தது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தானே பந்துகளை எடுத்து வைத்து மறுபடி அடித்தார். மறுபடியும் தோற்றார். மூன்றாவது முறையும் அதே கதை. முகம் சுளிக்காமல் மூன்று பிளேட் வாங்கினார். நாங்கள் மூவரும் தள்ளுவண்டி பக்கத்தில் நின்று சாப்பிட்டோம். வேலை எப்படி, எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். "அப்ப வாரேனுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல இளிச்சவாயர் என்று நாங்கள் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கோபியில் பெண் வீட்டு வாசலில் எங்களைக் கும்பிட்டு வரவேற்றவர் அவர்தான். பெண்ணுடைய அண்ணன்!

என் கால் படியிலேயே நின்றுவிட்டது. அவர் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, சிரித்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. பெண்ணின் அப்பா என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "என்ற பையன் சோமனூருக்கே வந்து உங்க பையனைப் பாத்துப்போட்டு வந்தானுங்க. ஒரே வார்த்தைதான் சொன்னான், 'பையன் கை சுத்தம்ப்பா'ன்னு. அது போதுமுங்க எங்களுக்கு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கேசரி தொண்டையில் நின்றது. அண்ணன் சொன்னது பூல் ஆட்டத்தில் என் கை சுத்தம், அடி பிசகாது என்று. அப்பா எடுத்துக்கொண்டது, பையன் நாணயமானவன் என்று. இரண்டுமே உண்மையில்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கை கழுவுகிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போனேன். அண்ணன் துண்டோடு பின்னாலேயே வந்தார்.

"தம்பி, அந்த அடியை ஈரோட்டுல ஒரு கடைக்குப் போய் மூணு நாளா அடிச்சுப் பாக்கறனுங்க. ஒண்ணுகூட உளுகலை. எப்படிங்க அது?"

"பழக்கந்தானுங்ணா" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பித் தலையாட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த மனிதர் என்னை நம்பித் தன் தங்கையைக் கொடுக்கப் போகிறார். சொன்னால் இந்த இடமும் போய்விடும். சொல்லாவிட்டால், காலம் முழுக்க அந்த வார்த்தையைச் சுமக்க வேண்டும்.

"அண்ணா, என்ற கை சுத்தமில்லீங்ணா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "எச்சலா? அந்தப் பந்தை நானும் எடுத்து எடுத்து வெச்சேன்ல?"

"ஆமாங்ணா."

"அதே கையோட காளான் தின்னேன்ல?"

"ஆமாங்ணா."

நேராகத் தொட்டியிடம் போனார். காளான் தின்று நாலு நாள் கழித்து, சோப்புப் போட்டு, இரண்டு தடவை கை கழுவினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சாமியார் தடை இருக்கான்னு கேக்கறப்ப நான் எந்திரிச்சு 'எச்சலு'ன்னு சொல்லட்டுங்களா?" கோபமா கேலியா என்று தெரியவில்லை. பிறகு, "என்ற தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்று உள்ளே போய்விட்டார்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. முன் அறையில், கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெரியவர்கள் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பேர் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. நேராக எச்சில் கதையைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"எத்தனை பிளேட்டுங்க?"

"மூணுங்க."

"எங்கண்ணன் மூணு பிளேட் வாங்கினாரா? எனக்கு ஒரு பிளேட் வாங்கினா அதுல பாதியை அவரே தின்னுபோடுவாருங்க!"

நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "நீங்க சொல்லலீன்னா யாருக்குங்க தெரியப்போவுது?"

"உங்கப்பா கை சுத்தம்னு சொன்னாருங்க. கேசரி எறங்கலீங்க" என்றேன்.

"அப்ப அந்தக் கடையில ஏமாந்தவங்களுக்கும் சொல்லிப்போடுங்க. சொல்லிப்போட்டு அண்ணனுக்குப் போன் பண்ணுங்க." அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கரண்ட் போனதும் மாடிக்குப் போய், எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "அடப்பாவி, ரெண்டு வருசமா உன்ற எச்சலையா தொட்டுக்கிட்டிருந்தோம்!" என்று ஒருவர் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். தள்ளுவண்டியில் இருந்த காளான் முழுவதும் அன்று என் செலவு. எச்சக்கை மாப்பிள்ளை என்று அன்றே பேர் வைத்துவிட்டார்கள். ஓசிக் காளான் போன வருத்தத்தில் என் நண்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "இருங்க" என்று போனைக் கை மாற்றினார்.

"சொல்லிட்டீங்களாங்க?"

"சொல்லிட்டேனுங்க."

"சரிங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, இன்னும் மெதுவாக, "சரிங்க" என்றாள். அந்த இரண்டாவது சரிங்க எதற்கென்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிள்ளைகளே, அவள்தான் உங்கள் அம்மா. அதற்கப்புறம் தறிக்குடோனை மூடிவிட்டார்கள் என்றும், ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏமாந்துவிட்டேன் என்றும், உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டிய கெட்ட சேதிகள் எத்தனையோ வந்தன. ஆனால் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சே என்னைப் பற்றிய கேவலமான உண்மையாக அமைந்துவிட்டதால், எந்தச் சேதியோடும் வீட்டு வாசலில் தயங்கி நிற்க வேண்டிய நிலைமை எனக்கு இன்று வரை வந்ததில்லை.