தனியா கடைக்குப் போவாங்களா?

மலையடிவாரத்துச் சந்தவாசலில் பிறந்தவள் நான். மலை எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒரு பிஸ்கட் கம்பெனிக்காக சர்வே எடுக்க மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஏறத் தயங்கினேன். கூட வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனேன்.

முதல் வீட்டில் ஓர் அம்மா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். டேப்லெட்டில் இருந்த வரிசைப்படியே கேட்டேன். வீட்டில் எத்தனை பிள்ளைகள்? என்ன வயது? தனியாகக் கடைக்குப் போவார்களா? எந்த நேரத்தில்?

அவர் கை நின்றது.

"இன்னாத்துக்கு அதெல்லாம் கேக்குற?"

"பிஸ்கட் யாரு வாங்குறாங்கன்னு தெரிஞ்சிக்கத்தாங்க."

அவர் எழுந்துபோய் அக்கம்பக்கத்தில் குரல் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று அப்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்திருந்தது, பொய் என்று அழித்திருந்தேன். இப்போது நானே அந்தச் செய்தியாகியிருந்தேன்.

ஆட்கள் சூழ்ந்தார்கள். ஒருவர் டேப்லெட்டைப் பிடுங்கினார். அடையாள அட்டையைக் காட்டினேன்.

"கார்டு யார் வேணா அடிச்சிக்கலாம்," என்றார் பிடுங்கியவர்.

அலுவலகத்தைக் கூப்பிடலாமென்றால் சிக்னல் இல்லை. ஒருவர் கை ஓங்கினால் போதும், மற்றவர்களும் ஓங்கிவிடுவார்கள் என்று பட்டது.

தண்ணீர் கொடுத்த அம்மாதான் குறுக்கே வந்தார். "இருங்க. அது கேட்டாப்ல நாமளும் கேப்போம்." என் பக்கம் திரும்பினார். "உனுக்குப் புள்ளைங்க கீதுங்களா?"

"ஒரு பொண்ணுங்க."

"தனியா கடைக்குப் போவாளா? எப்போ போவா?"

பதில் வாய்வரை வந்தது. இத்தனை அந்நிய முகங்களுக்கு நடுவே அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"அதச் சொல்ல மாட்டேங்க," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பெத்தவதான். வுடுங்க."

டேப்லெட் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஜீப் வரும்வரை இருவர் என் பக்கத்திலேயே நின்றார்கள். திருப்பத்தூர் வந்து சேரும்வரை டேப்லெட்டை மடியிலிருந்து எடுக்கவில்லை. அலுவலகத்தில் சண்டை போட்டு அந்தக் கேள்விகளை எடுக்கவைத்தேன்.

அடுத்த முறை இரண்டு பேராகப் போய், ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். அந்த அம்மாவும் பதில் சொன்னார்.

"பிஸ்கட்டா? எங்க வூட்ல வாங்குறதே இல்லியே."

பதிவு செய்துகொண்டேன். தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் மட்டும் என் கண் ஜீப்பைத் தேடியது.