ஒன்மோர் சாரின் விரல்

கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போடுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நிற்கும் பெண் பெருமூச்சு விடுகிறாள். வட்டம் போட்டால் திரும்பப் பேச வேண்டும் என்று அர்த்தம். காலையிலிருந்து ஒரே வசனம்தான் ஓடுகிறது: ‘அப்பா போயிட்டார்.’

டப்பிங் ஸ்டுடியோவில் அவருக்கு ‘ஒன்மோர் சார்’ என்று பெயர். ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் பேச வைப்பது வேலை. அசல் வசனத்தின் பக்கத்தில், எந்த மனநிலையில் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் போட்டிருக்கும். மற்ற ஸ்டுடியோக்களில் எல்லாவற்றுக்கும் ‘சீரியஸா பேசு’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். இவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

“சாலம்னா, சபையில எழுந்து நின்னு உறுதிமொழி எடுக்கிற மாதிரி. கிரேவ்னா, டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசையில வைக்கிறார் பாரு, அது. சோபர்னா, சண்டையெல்லாம் ஓஞ்சு மறுநாள் காலையில பேசுற பேச்சு. எர்னஸ்ட்னா, இவன் மனசாரச் சொல்றான்னு எதிராளி நம்பணும். எங்கே, பேசு.”

அவரே பேசிக் காட்டினால் ஒலிப்பதிவாளர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழ வைத்த கையோடு, டீ ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார்.

இந்த வித்தையை வாசலில் செருப்போடு கழற்றி விட்டிருந்தால் வம்பே இல்லை; விரல் வட்டம் உட்பட எல்லாம் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒருநாள் சாயங்காலம் மனைவி வந்து, “மனசே சரியில்லைங்க” என்றாள். பக்கத்தில் உட்கார வைத்து என்ன ஏது என்று கேட்க வேண்டாமா? மனுஷன் தலையைச் சாய்த்து, “டல்லா இருக்கா, அப்செட்டா, இல்ல கிளூமியா? மூணும் வேற வேற” என்றார். விடிந்ததும் அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துவந்த பள்ளிக்கூட வேலை முந்தின நாள்தான் அவளுக்குப் போயிருந்தது. அதை மைத்துனர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

போனில் மன்னிப்புக் கேட்டார். சுத்தமான எர்னஸ்ட். குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. நடுவில் அளவான ஓர் இடைவெளிகூட விட்டார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. ஓகே பண்ணிடுங்க” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஆள் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவரை நம்ப வேண்டியவள் ஒருத்திதான், அவளே நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். வழியெல்லாம் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்ததில், பக்கத்து ஆசாமி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். மைத்துனர் “வாங்க மாப்ளே” என்றவர், நிலவரம் புரிந்து பேப்பரோடு உள்ளே நழுவினார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ, சோறு போட்ட குரலே காலை வாரிவிட்டது.

“நான்... கேட்டிருக்கணும். என்ன ஆச்சுன்னு கேக்காம விட்டது தப்புமா.”

கீச்சென்று ஆரம்பித்துப் பாதியில் உடைந்து, கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஸ்டுடியோவாக இருந்தால் இப்படிப் பேசியவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அவள் மடித்த துணியை மடியில் வைத்தாள். குனிந்த தலை நிமிராமல், ஒற்றை விரலைத் தூக்கிக் காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டாள்.