ஒரு ரூபாய்ச் சோதனை

செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, ஆன்லைனில் பணம் கட்டும் பக்கத்தை நான்தான் செய்து கொடுத்தேன். ஒத்திகைக்கான பொய்ப் பணத்தில் ஒழுங்காக ஓடியது. நிஜப் பணத்துக்கு மாற்றியதும் படுத்துவிட்டது. சரிசெய்த பிறகு, பணம் வந்து சேருகிறதா என்று பார்க்க கட்டணப் பட்டியலில் 'சோதனை, ஒரு ரூபாய்' என்று ஒன்றைப் போட்டு, நானே கட்டிப் பார்த்தேன். பணம் வந்தது. அதை அழிக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் அங்கே இருந்தபோது, வல்லத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னிடம் போனை நீட்டினார்.

"இவளுக்கு சுகர் பாக்கணும் சார். பணம் கட்டிட்டேன்."

திரையில் ஒரு ரூபாய் கட்டிய ரசீது. எனக்கு எரிந்தது. "ஒரு ரூபாய்க்கு எவன்யா சுகர் பாப்பான்? மூளை இருக்குதா?" என்று எல்லார் முன்பும் கத்தினேன்.

அவர் திரையில் விரல் வைத்தார். "சோதனைன்னு போட்டிருக்குது. வெறும் வயித்துல வரணும்னும் போட்டிருக்குது. இவ ராத்திரியே சாப்பிடல."

இரண்டும் நான் எழுதியவை.

"அது டெஸ்டிங்குக்குப் போட்டதுய்யா."

"இதுவும் டெஸ்ட்டுதானே சார்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

முழுக் கட்டணத்தைச் சொன்னேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ இவ டீ குடிக்கலாமா சார்?"

தலையாட்டினேன்.

அந்தக் கட்டணத்தை நானே கட்டியிருக்கலாம் என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், பதிலுக்குத் திட்டிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.